அறுநூற்று நாற்பது மீட்டரில் நான்கு நிறுத்தங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து என் மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் வாசல் வரை அறுநூற்று நாற்பது மீட்டர். நாடா பிடித்து அளந்திருக்கிறேன். நில அளவைத் துறையில் வரைவாளராக இருப்பவன் வேறு எப்படிச் சொல்வான்? வண்டியில் போனால் நான்கு நிமிடம். நடந்தால் அவளுக்குப் பதினொன்று. மிச்சமாகும் ஏழு நிமிடத்தில் நான் செய்தித்தாளில் இரண்டு பக்கம் படித்துவிடலாம், அவள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். இந்த யோசனையின் பேரில் பன்னிரண்டு வருடம் தினமும் காலையில் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். சாயங்காலம் எனக்கு அலுவலகம் விட நேரமாகும் என்பதால் ஓர் ஆட்டோவை ஏற்பாடு செய்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. எங்கள் தெருவில் வேறு எந்தப் புருஷனும் இதை இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

இருபத்தேழு வருடமாக நாட்குறிப்பு எழுதிவருகிறேன். மழை பெய்த நேரம், மின்சாரம் போன நேரம், யார் வந்தார்கள், எப்போது போனார்கள் எல்லாம் அதில் இருக்கும். மனைவிக்கு வந்த நோயைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கங்களைத் திரும்பப் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது. எல்லாம் இருக்கிறது; வேண்டியது மட்டும் இல்லை. அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. நான் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தேன். பின்னால் ஏற வந்தவள் தோளில் மாட்டியிருந்த பையை நழுவவிட்டாள். குனிந்து எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எடு, நேரமாச்சு" என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். அது வார்த்தையாக இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை யாருடையதோ போலத் தொங்கியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 8.41. பின்னால் இதைச் சொன்னபோது, அந்த நேரத்தில் எவனாவது மணி பார்ப்பானா என்று அவளுடைய அண்ணன் கேட்டார். நான் பார்த்தேன். 9.06க்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, இது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான்.

"எட்டு நாற்பத்தொண்ணு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு சரியா யாரும் சொன்னதில்ல. நல்லதாப் போச்சு. நேரம் தெரியலைன்னா இப்பப் போடப்போற மருந்தைப் போடவே யோசிச்சிருப்போம்."

இந்த ஒரு வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குறித்து வைத்தால் காப்பாற்றலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அடுத்த ஏழு மாதத் தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பின.

மூன்றாம் நாள் அவர் வேறொன்று கேட்டார். "பிரஷர் மாத்திரை எடுத்துட்டுதான் இருந்திருக்காங்க. நடை எப்படி? தினமும் நடப்பாங்களா?"

"அதுக்குத் தேவையே வச்சதில்ல டாக்டர். நான்தான் தினமும் வண்டியில விடுவேன்."

அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன், எழுத்து புரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் சொன்ன பதில் எப்படிப்பட்டது என்று உறைத்தது. இரத்த அழுத்தம் உள்ள ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்கக்கூடிய தினசரி நடையைப் பன்னிரண்டு வருடமாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்த்திருக்கிறேன்.

கை பாதி திரும்பியது. கால் முக்கால்வாசி திரும்பியது. பேச்சு மெதுவாக வந்தது, ஆனால் ஓட்டையோடு வந்தது. தேங்காய் என்று சொல்ல நினைத்துக் கையால் உருண்டையாகக் காட்டுவாள். இருபத்து நான்கு வருடம் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள், ஏழாம் வாய்ப்பாட்டில் நாற்பத்திரண்டைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுவாள். கிழமை மாறிப்போகும். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது மூன்றாம் வகுப்பில் போய் நிற்க வேண்டும். மருத்துவ விடுப்பு மே மாதம் முடிகிறது. உடல்தகுதிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். இதை என்னிடம் சொல்ல அவளுக்கு முழுதாகக் கால் மணி நேரம் ஆனது.

"ஜூன்" என்றாள் கடைசியில். "பிள்ளைய. நான். போணும்."

இயன்முறை சிகிச்சைக்கு வந்த பெண் ஜனவரி முதல் வாரத்தில், இனித் தெருவில் நடக்கலாம் என்றாள். "கொஞ்சம் மூச்சு வாங்கணும். முதல்ல நிக்காம ஒரு அஞ்சு நிமிஷம், அப்புறம் பத்து, பைய கூட்டிக்கிட்டே போங்க. காலுக்கு மட்டும் இல்ல சார், தலைக்கும் அதுதான் மருந்து. ரத்த ஓட்டம் நல்லா இருக்கணும். திரும்பவும் வராம இருக்கணும்ல."

அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டு, 'நிக்காம' என்பதன் கீழே நான் கோடு போட்டேன்.

ஒரு நீள நோட்டில் கட்டம் கட்டினேன். புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், நடந்த நிமிடம், நிறுத்தம், காரணம். அவளிடம் முதலில் பெரிய மைதானத்துக்குப் போகலாம் என்றுதான் சொன்னேன். அங்கே ஆட்கள் காலணி மாட்டிக்கொண்டு வட்டமாக நடப்பார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஒருநாள் வந்தாள். இரண்டு சுற்று முடிந்ததும் நின்றுவிட்டாள்.

"செக்கு... செக்கு மாடா நான்" என்றாள். அதன் பிறகு வரவில்லை.

ஆகவே தெரு. வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசல், அங்கிருந்து வீடு. காலை 6.10க்குப் புறப்பாடு.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் எங்கே போகிறீர்கள் என்று நேராகக் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் போன காரியம் ஆகாது என்பார்கள். 'தூரமா?' என்று மட்டும் கேட்பார்கள். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. கடைக்கு, கோயிலுக்கு, மாவு அரைக்க, ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். சும்மா நடக்கிறேன் என்று எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அதுவரை சொல்லியிருக்க மாட்டாள். கையில் பையும் இல்லை, போகிற இடமும் இல்லை, வாயில் பேச்சும் சரியாக இல்லை. இந்த நிலையில் அவளை நான் அந்தக் கேள்விக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

முதல் நிறுத்தம் முனை வீடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். எழுபது தாண்டியவர், தெருவுக்கே அண்ணாச்சி. காலையில் ரப்பர் குழாயோடு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பார்.

"என்ன டீச்சர், தூரமா?"

அவள் நின்றாள். வாயைத் திறந்தாள். "ந... நட..."

"நடக்கியளா? இந்தப் பனியிலயா?" அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்வே, கட்டில்ல கிடக்க வேண்டிய உடம்பைத் தெருவுல போட்டு ஓட்டுதீரே. உமக்கு மனசாட்சி இருக்கா?"

"டாக்டர்தான் நடக்கச் சொல்லியிருக்காரு அண்ணாச்சி."

"டாக்டரு ஆயிரம் சொல்லுவான். என் மச்சினனுக்கும் இதே சீக்குதான். ஒரு வருசம் கட்டில விட்டு எறங்க விடல நாங்க. அப்படிப் பாத்துக்கிட்டோம்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"இப்பமும் எறங்கல."

குழாய் தண்ணீர் அவர் காலிலேயே விழுந்துகொண்டிருந்தது. நிறுத்தம், ஐந்து நிமிடம். காரணம், வீண்பேச்சு.

இரண்டாவது நிறுத்தம், எங்கள் சர்ச் உபதேசியார் வீடு. அவர் மனைவி வெளியே வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஜெபம் பண்ணத் தொடங்கிவிடுவார். நீண்ட ஜெபம். எங்கள் சபையின் வியாதியஸ்தர் அத்தனை பேரும் அதில் வந்துவிடுவார்கள். ஜெபத்தை இடையில் நிறுத்தச் சொல்ல எந்தச் சபையிலும் வழியில்லை. ஒருநாள் கண்ணைத் திறந்து மணி பார்த்தேன். அந்த அம்மாளும் அதே நேரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டார். "ஆண்டவருக்கு அவசரம் கிடையாது தம்பி" என்றுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒன்பது நிமிடம்.

மூன்றாவது, வேப்பமரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டி. அந்த வண்டிக்காரருடைய மகள் ஒரு காலத்தில் இவளிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள், இப்போது நர்சு. அவர் தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"எம்மவ பேரு என்ன டீச்சர்? இன்னைக்காவது சொல்லுவியளா?"

இவள் நிற்பாள். நெற்றி சுருங்கும். உதடு அசையும். அவர் பெட்டியைத் துணியிலிருந்து எடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். "நீங்க வச்ச அடியெல்லாம் அவளுக்கு நெனவு இருக்கு. உங்களுக்கு அவ பேரு நெனவு இல்லியா?" என்று சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு கட்டோடு பிடிக்கவில்லை. நோயாளியைப் பரிசோதிக்க இவர் யார்? நான்கு நிமிடம், வீண்.

நான்காவது, பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடை. கடைக்கார அக்கா முக்காலியைப் போட்டு, "இரிங்க டீச்சர், நெஞ்சு அடிக்குது பாருங்க" என்று உட்கார வைத்துவிடுவார். நெஞ்சு அடிக்கத்தான் அம்மா நடக்க வைக்கிறேன் என்று நான் சொன்னதற்கு, "நல்லா இருக்கே நீங்க பேசுதது" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். இவளும் நன்றாகவே உட்கார்ந்துகொள்வாள். கையில் ஒரு நாட்டு வாழைப்பழம். ஏழு நிமிடம்.

ஐந்து, ஒன்பது, நான்கு, ஏழு. நடந்ததைவிட நின்றது அதிகம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நோட்டைக் கூட்டி, அடியில் இருபத்தைந்து என்று எழுதி வட்டம் போடுவேன். பகல் முழுவதும் வீட்டில் படுக்கவைப்பதற்கென்றே வேறு ஆட்கள் வந்தார்கள். ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் கொண்டுவந்து, "எந்திரிக்காதிய, எந்திரிக்காதிய" என்று சொல்லிக்கொண்டே கட்டிலருகில் உட்கார்ந்தார்கள். அவள் தண்ணீர் எடுக்கப் போனால் மூன்று பேர் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார்கள். இந்த ஊரில் அன்பு என்றால் ஒருவரை அசையவிடாமல் செய்வது என்று பொருள் போலிருக்கிறது. பன்னிரண்டு வருடம் நானும் அதைத்தான் செய்தேன்; அதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை பிற்பகல் நான்கு இடத்துக்கும் தனியாகப் போனேன். என்ன சொல்வது என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அவளுக்கு நிற்காமல் நடக்க வேண்டும். ஜூனில் வேலையில் சேர வேண்டும். ஆகவே வழியில் தயவுசெய்து யாரும் நிறுத்த வேண்டாம், கேட்க வேண்டாம், கையைப் பிடிக்க வேண்டாம், உட்கார வைக்க வேண்டாம். அண்ணாச்சி குழாயை மூடிவிட்டுக் கேட்டார். "சரிவே" என்றார். அவ்வளவுதான். உபதேசியார் மனைவி தலையை மட்டும் ஆட்டினார். இஸ்திரிக்காரர், "தப்பா எடுத்துக்கிடாதிய சார்" என்றார். கடைக்கார அக்கா முக்காலியை உள்ளே எடுத்துப் போட்டார்; அதில் கொஞ்சம் சத்தம் இருந்தது.

எல்லாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. ஒருவராவது மீறியிருக்கலாம்.

மார்ச்சில் நிற்காமல் பதினெட்டு நிமிடம். ஏப்ரலில் இருபத்தாறு. மேயில் முப்பத்தொன்று; வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரு முறை போய்வந்தது போதாமல் இரண்டாம் முறை பாதி வரை போனோம். நிறுத்தம் என்ற கட்டத்தில் தினமும் ஒரு சின்னக் கோடு. அதைப் பார்க்க அழகாக இருந்தது. கால் இழுப்பது ஏறக்குறையப் போய்விட்டது. இரத்த அழுத்தம் இறங்கியது. இயன்முறைப் பெண்கூடப் பாராட்டினாள்.

அவள் மட்டும் தரையைப் பார்த்து நடந்தாள். எங்களைக் கண்டதும் அண்ணாச்சி செடிப் பக்கம் திரும்பிக்கொள்வார். இஸ்திரிக்காரர் குனிந்து கரியை ஊதுவார். கடையில் அக்கா எதையோ தேடுவார். ஒருநாள் திரும்பி வந்ததும் அவள், "தெரு செத்துப் போச்சு" என்றாள். வெயில் தொடங்கிவிட்டது, காலையில் ஆள் நடமாட்டம் குறைவு என்றேன். என் நாட்குறிப்பில் வேறு விஷயங்களும் அந்த மாதங்களில் இருக்கின்றன. சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். இன்றைக்கு ஞாயிறா என்று ஒரே நாளில் மூன்று தரம் கேட்டாள். மகள் சென்னையிலிருந்து பேசியபோது இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என்னிடம் தந்துவிட்டாள். இவற்றை நான் நடை நோட்டில் எழுதவில்லை. நாட்குறிப்பின் ஓரத்தில், மழை வெயில் எழுதும் இடத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அலுவலகத்தில் இரண்டு வரைபடங்களின் எல்லை ஒத்துப்போகவில்லை என்றால் அரை மணிக்குள் கண்டுபிடித்துவிடுவேன்.

மே கடைசி வாரம் சான்றிதழுக்காக டாக்டரிடம் போனோம். அவர் அவளை நடக்கச் சொன்னார், நடந்தாள். படி ஏறச் சொன்னார், ஏறினாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். நான் பையிலிருந்த நோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு, தெரிந்த காய்கறிப் பெயர்களை எல்லாம் சொல்லச் சொன்னார்.

"கத்தரிக்கா. வெண்டைக்கா. தக்காளி." நின்றாள். "வெண்டைக்கா." சுவரைப் பார்த்தாள். "முருங்கைக்கா. வெண்டைக்கா."

மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். டிசம்பர், நவம்பர் என்று சொல்லிவிட்டு மறுபடி டிசம்பர் என்றாள். தான் தவறு செய்வது அவளுக்குத் தெரிந்தது. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "இன்னும் ரெண்டு மாசம் பாப்போம் டீச்சர். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைங்க. அவசரப்பட வேண்டாம்."

அவள் முந்தானையை விட்டுவிட்டுத் தலையாட்டினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நோட்டை எடுத்து மேசையில் விரித்தேன். "முப்பத்தொரு நிமிஷம் டாக்டர். நிக்காம. ஒருநாள் விடல. எல்லாம் இதுல இருக்கு."

அவர் மரியாதைக்காகப் புரட்டினார். மே, ஏப்ரல், மார்ச் என்று பின்னால் போய் பிப்ரவரியில் நின்றார்.

"இது என்ன? இஸ்திரி, நாலு நிமிஷம், வீண்."

விளக்கினேன். இஸ்திரிக்காரர் தன் மகள் பெயரைக் கேட்பார், இவள் யோசிப்பாள், நேரம் போகும், நான் அதை நிறுத்திவிட்டேன்.

"பேரைச் சொன்னாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. அந்த நான்கு நிமிடமும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

அவள் பேசினாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "சொன்னேன். மூணு நாளு சொன்னேன். அந்த வாரந்தான் இவுக... கேக்கக் கூடாதுன்னுட்டாவ."

"நான் சொன்னது உனக்குத் தெரியுமா?"

"தெரு முழுக்க ஊமையாப் போனா" என்றாள், "எனக்குத் தெரியாதா?"

நோய் வந்தபின் அவள் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அதையும் நான் குறிக்கவில்லை. இப்போது நினைவிலிருந்துதான் எழுதுகிறேன். டாக்டர் நோட்டை மூடி என்னிடம் தந்தார். நடையை விட்டுவிடாதீர்கள் என்றார். அதுதான் அடித்தளம், அது இல்லாமல் எதுவும் நிற்காது, மறுபடி வராமல் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் கால் நடந்தால் மட்டும் போதாது, பேச்சும் நடக்க வேண்டும். பேச்சு ஆட்களிடம்தான் நடக்கும்.

"நிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே டாக்டர்."

"போகும்போது நிக்காமப் போங்க. வரும்போது நின்னு வாங்க."

இவ்வளவுதான். ஐந்து மாதம் தலையை உடைத்துக்கொண்ட ஒரு விஷயத்துக்கு விடை இவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் எனக்கு அவர் மேல் கோபம், இயன்முறைப் பெண் மேல் கோபம், சொன்னதைக் கேட்ட அந்த நான்கு பேர் மேலும் கோபம். என் முறை வருவதற்குள் வீடு வந்துவிட்டது.

அடுத்த நாள் மறுபடியும் நான்கு இடத்துக்கும் போனேன். இந்தத் தடவை காகிதம் எடுத்துப் போகவில்லை.

"நீருதானவே வந்து நிப்பாட்டாதேயும்னீரு" என்றார் அண்ணாச்சி. "இப்ப நிப்பாட்டும்ங்கீரு. எழுத்துல குடும்வே. நாளைக்கு வந்து நிமிசக் கணக்கு கேப்பீரு."

"தப்பு என் மேலதான் அண்ணாச்சி."

"அதையும் சேத்து எழுதும்." பிறகு குழாயைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "டீச்சர் நடந்து போறதைப் பாத்தேன். இப்ப காலு இழுக்கல. என் மச்சினனை நாங்க அப்பமே நடக்க வச்சிருக்கணும்."

உபதேசியார் மனைவி தான் ஜெபத்தை நிறுத்தவே இல்லை என்றார். "ஜன்னலுக்கு உள்ள நின்னு பண்ணினேன். நீங்க ரெண்டு பேரும் கடந்து போற நேரத்துக்குள்ள முடிச்சிருவேன். உங்க கடிகாரத்துக்குப் பயந்து ஆண்டவர்ட்ட சுருக்கமாப் பேசுனது இதான் முதல் தடவ." கடைக்கார அக்கா என்னைப் பேசவே விடவில்லை. முக்காலியை வெளியே கொண்டுவந்து போட்டார். இப்போதும் சத்தமாகத்தான் போட்டார்.

இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்தார். "மவளுக்கு நிச்சயம் பண்ணியாச்சு சார். பங்குனியிலயே ஆச்சு. டீச்சர்ட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன். தினமும் நீங்க ரெண்டு பேரும் போவிய. நான் கரியை ஊதிக்கிட்டு நிப்பேன்."

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அன்று மட்டும் நாங்கள் எட்டரை மணிக்குப் புறப்பட்டு அந்த வாசல் வரை நடந்தோம். சீருடைப் பிள்ளைகள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும் வரை நின்றாள். போகலாம் என்று நான் சொல்லவில்லை. மணி அடித்ததும் அவளே திரும்பினாள். கடையில் உட்கார்ந்தாள். அக்கா அவளிடம் பழத்தைக் கொடுத்துவிட்டு, கடையில் இருக்கும் சாமான்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். பத்துச் சாமான் சொன்னால்தான் பழத்தைத் தின்னலாம். இது யார் சொல்லிக்கொடுத்த மருத்துவம் என்று தெரியவில்லை. முதல் நாள் ஆறு சாமானில் நின்றது. பழம் அரை மணி நேரம் அவள் கையிலேயே இருந்தது. அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று எனக்கு உள்ளே குறுகுறுத்தது. கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதிலும் எட்டிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சில நாட்கள் முன்னேற்றம் தெரியும். சில நாட்கள் முந்தைய வாரத்தைவிட மோசம். அண்ணாச்சி தினமும் தூரமா என்று கேட்டார். அவள் முதலில் "நடக்க" என்றாள். பிறகு "சும்மா நடக்கேன்" என்றாள். ஜூலை நடுவில் ஒருநாள், "தூரந்தான் அண்ணாச்சி, ஜூன் வரைக்கும் போணும்னு பொறப்பட்டேன், ஆகஸ்ட்டு ஆயிரும் போல" என்றாள். அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. நான் சிரிக்கவில்லை. ஜூனை அவளிடமிருந்து எடுத்தவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் மறுபடி டாக்டர். காய்கறிகள் பதினொன்று. பின்னோக்கி மாதங்களில் செப்டம்பரில் தடுக்கி, தானாக எழுந்து, ஜனவரி வரை போனாள். சான்றிதழ் கிடைத்தது. ஆனால் மூன்றாம் வகுப்பை ஜூனிலேயே வேறொரு ஆசிரியைக்குக் கொடுத்துவிட்டார்கள். இவளுக்கு இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும். அவள் இரண்டு நாள் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் இரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு அட்டை போட்டாள்.

சேர வேண்டிய நாள் காலை 8.35க்கு நான் பழக்கத்தில் வண்டியை வெளியே எடுத்துக் கிளப்பிவிட்டேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பக்கவாட்டில் ஒதுங்கி நடக்கத் தொடங்கினாள்.

முனை வீட்டிலிருந்து குரல் கேட்டது. "என்ன டீச்சர், தூரமா?"

"ஸ்கூலுக்கு அண்ணாச்சி. மணி ஆயிட்டு, நிக்க நேரமில்ல."

அவர் குழாயோடு தெருவுக்கு வந்து என்னைப் பார்த்தார். "என்னவே, இப்ப அவிய நம்மள நிப்பாட்ட விடமாட்டேங்காவ?"

நான் வண்டியை அணைத்து உள்ளே தள்ளினேன். சமையலறை மேடையில் அவளுடைய சாப்பாட்டு டப்பா இருந்தது. மறந்துவிட்டாள். மனதில் ஒரு கணம் பழைய பயம் வந்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டு, வண்டியைத் தொடாமல், நடந்தே கிளம்பினேன். அலுவலகத்துக்கு அன்று தாமதம்தான்.

முனையில் அண்ணாச்சி தூரமா என்றார். சொன்னேன். உபதேசியார் மனைவி வெளியே வந்து, அவள் மறந்ததற்காக அல்ல, எனக்காகத் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். இஸ்திரிக்காரர் கல்யாணத் தேதியைச் சொல்லி, அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கடைக்கார அக்கா முக்காலியைக் காட்டினார். மூச்சு வாங்கியது, உட்கார்ந்தேன். எதிரே இரண்டாம் வகுப்பிலிருந்து அவள் குரல் கேட்டது. ஏதோ ஒரு சொல்லில் நின்றது. பிள்ளைகள் சேர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடி தொடங்கியது.

அறுநூற்று நாற்பது மீட்டருக்கு எனக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று பார்க்கவில்லை. டப்பா ஆறிப்போயிருந்தது.